பெரிய டயர் போட்டால் பாரம் கூடுமா?

கோட்டாறு கம்போளத்தில் பொழுது விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். அரிசி, சர்க்கரை, பருப்பு, மிளகாய் வற்றல் என்று மூட்டை மூட்டையாக இறங்கும். வந்து இறங்கிய சரக்கு காலை வெயில் ஏறுவதற்குள் பிரிந்து தக்கலை, குலசேகரம், மார்த்தாண்டம், ஆரல்வாய்மொழி என்று நாலாபக்கமும் போயாக வேண்டும். இந்த ஊருக்கு வியாபாரம் புதிதல்ல. கி.பி. 2-ம் நூற்றாண்டில் கிரேக்க நிலவியலாளர் டாலமி எழுதி வைத்த ‘கொட்டியாரா’ என்ற ஊர் இந்தக் கோட்டாறுதான் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. அந்தக் காலத்தில் பொதிமாடு சுமந்ததை, பிறகு மாட்டுவண்டி சுமந்தது. இன்று அந்த வேலையைச் செய்வது பிக்கப் வண்டிகள்.

அப்படி ஒரு பிக்கப் வண்டியை நம்பித்தான் கோட்டாறில் ஒரு குடும்பம் நடக்கிறது. வண்டிக்காரருக்கு 51 வயது. 2012 மாடல் மகிந்திரா பொலேரோ பிக்கப். இன்னொருவர் ஓட்டிய வண்டியை இரண்டாம் கையாக வாங்கி, கடனை அடைத்து முடித்து இரண்டு வருடம் ஆகிறது. வீட்டில் மனைவி, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு கணிதம் படிக்கும் மகள். வண்டியின் வரவு செலவு நோட்டு மனைவியின் கையில். டீசல், வாடகை, சுமைகூலி, பஞ்சர் எல்லாம் அதில் ஏறும்.

அக்டோபர் தொடக்கத்தில் அந்த நோட்டில் ஒரு புதிய செலவு வந்து நின்றது. பின் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன. பட்டன்களுக்கு நடுவில் குறுக்காக ஓடும் சிறு திட்டு ஒன்று எல்லா டயரிலும் உண்டு. பட்டன் தேய்ந்து தேய்ந்து அந்தத் திட்டு மட்டத்துக்கு வந்துவிட்டால் மிச்சம் இருக்கும் பள்ளம் 1.6 மில்லிமீட்டர்தான். அதோடு டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். இவர் வண்டியில் வலது பின் டயர் அந்த மட்டத்துக்கு வந்துவிட்டது. இடது டயருக்கு இன்னும் ஒரு மாதம் வேண்டுமானால் தாங்கும்.

நேரமும் சரியில்லை. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை ஒன்று. அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை இன்னொன்று. நனைந்த தார்ச்சாலையில் தண்ணீரை வழித்து வெளியே தள்ளுவது பட்டன்களுக்கு இடையில் இருக்கும் பள்ளம்தான். பள்ளம் இல்லாத டயர் தண்ணீருக்கு மேலேயே வழுக்கிக்கொண்டு போகும். போதாக்குறைக்கு நவம்பரில் எஃப்.சி. வேறு. எட்டு வருடத்துக்கு மேற்பட்ட சரக்கு வண்டிக்கு வருடா வருடம் தகுதிச் சான்று வாங்க வேண்டும். மொட்டை டயரோடு அங்கே போய் நிற்க முடியாது.

டயர் கடைக்காரர் பல வருடப் பழக்கம். வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

“அண்ணாச்சி, பின்னால ரெண்டுக்கும் 235 போட்டுருவோமா? இப்ப இருக்கது 215. ஒரு சைஸ் கூட்டிப் போட்டா வண்டி தூக்கி நிக்கும். லோடும் நல்லா தாங்கும் கேட்டீரா?”

இவருக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது. காரணம் இருந்தது. கொஞ்ச நாளாகவே பாரம் ஏற்றினால் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்துபோய், முன்பக்கம் வானத்தைப் பார்த்து நின்றது. அதைவிடப் பெரிய காரணம், கம்போளத்தில் வாடிக்கையாகச் சரக்கு கொடுக்கும் மளிகை முதலாளி. வியாழக்கிழமை தோறும் குலசேகரத்துக்குப் போகும் லோடில் 25 மூட்டைக்குப் பதில் 35 மூட்டை ஏற்ற வேண்டும் என்று அவர் இரண்டு மாதமாகவே சொல்லி வந்தார். ஒரு மூட்டை 50 கிலோ. 35 மூட்டை என்றால் 1,750 கிலோ. இவர் வண்டியின் ஆர்.சி. கணக்குப்படி ஏற்றக்கூடியது சுமார் 1,250 கிலோ. பெரிய டயர் போட்டால் அந்த 500 கிலோவையும் வண்டி தாங்கிவிடும் என்றால், முதலாளியையும் திருப்திப்படுத்தலாம், வாடகையும் கூடும்.

இரண்டு 215 டயர் 14,000 ரூபாய். 235 என்றால் 17,500. வித்தியாசம் 3,500. ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்று சொல்லிவிட்டு, இரண்டு டயரின் ஓரத்தில் எழுதியிருந்ததையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தார்.

இரவு அந்தப் படத்தை மகள் பார்த்தாள்.

“இந்த நம்பர்லாம் என்னதுப்பா?”

“அது சைஸாக்கும் மக்ளே. 215-ன்னா சின்னது, 235-ன்னா பெருசு.”

“அது மட்டும்னா எதுக்கு இவ்வளவு எழுதியிருக்கு?”

அந்தக் கேள்வியிலிருந்துதான் கணக்கு தொடங்கியது.

215/75 ஆர்15 என்று ஒரு டயரில் எழுதியிருந்தால் அதில் நான்கு செய்திகள் இருக்கின்றன. 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது டயரின் பக்கச்சுவரின் உயரம். ஆனால் அது நேரடி அளவு அல்ல, அகலத்தில் நூற்றுக்கு 75 பங்கு. ஆர் என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் மூன்றும் கலந்து கிடப்பதால்தான் டயர் அளவு பலருக்குக் குழப்பமாக இருக்கிறது.

மகள் நோட்டில் போட்டுப் பார்த்தாள். 215-ல் 75 சதவீதம் 161.25 மில்லிமீட்டர். ரிம்முக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு பக்கச்சுவர், ஆக 322.5. ரிம் 15 அங்குலம், அதாவது 381 மில்லிமீட்டர். கூட்டினால் டயரின் முழு உயரம் 703.5 மில்லிமீட்டர். இதே கணக்கில் 235/75 ஆர்15 டயரின் உயரம் 733.5 மில்லிமீட்டர். வித்தியாசம் 30 மில்லிமீட்டர். ஆனால் வண்டி நிற்பது சக்கரத்தின் நடு அச்சில். அதனால் வண்டி உயர்வது அதில் பாதிதான்.

“ஒன்றரை சென்டிமீட்டர்ப்பா. ஒரு விரல் அகலம். இதுக்கா 3,500 ரூவா கூட?”

கணக்கு அங்கே நிற்கவில்லை. டயர் உயரமானால் ஒரு சுற்றுக்கு அது ஓடும் தூரமும் கூடும். 30 மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய 4.3 சதவீதம். ஸ்பீடோமீட்டர் முள் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 62.5 கிலோமீட்டர் வேகத்தில் போகும். இன்னொரு பக்கம், இன்ஜினின் இழுவை அதே அளவு குறையும். பெரிய சக்கரத்தைச் சுற்ற அதிக பலம் வேண்டும் என்பது சைக்கிள் ஓட்டிய எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாரத்தோடு ஏற்றம் ஏறும்போது முன்பு மூன்றாவது கியரில் ஏறிய இடத்தில் இரண்டாவது கியர் கேட்கும். கிளட்ச் சீக்கிரம் தேயும். பிரேக்குக்கும் வேலை கூடும்.

அடுத்தது ஸ்டெப்னி. பின்னால் 235, முன்னால் 215 என்றால் மாற்றுச் சக்கரம் எந்த அளவில் இருக்கும்? ஒன்றுக்குப் பொருந்துவது இன்னொன்றுக்குப் பொருந்தாது. பின்பக்கம் ஒரு டயர் பஞ்சராகி, அங்கே சின்ன ஸ்டெப்னியை மாட்டினால், இரண்டு பின்சக்கரமும் வேறு வேறு உயரத்தில் ஓடும். நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் நேர்ச்சாலையிலும் ஓயாமல் வேலை செய்து சூடாகும். நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியாக இருந்தால் முன், பின் அளவு வேறுபடவே கூடாது. கியர் பெட்டியே கெட்டுப்போகும். இவருடையது பின்சக்கர இழுவை மட்டும் உள்ளது என்பதால் அந்த ஆபத்து இல்லை. ஆனாலும் ஸ்டெப்னி சங்கடம் தீரவில்லை.

இவ்வளவும் கேட்ட பிறகும் அவர் விடவில்லை. “லோடு தாங்குமே மக்ளே, அதுதான முக்கியம்?”

அதற்கான பதிலும் அந்தப் படத்திலேயே இருந்தது. அளவுக்குப் பக்கத்தில் இன்னொரு எண் இருக்கும். அதுதான் சுமை எண். ஒவ்வொரு எண்ணுக்கும் இத்தனை கிலோ என்று உலகம் முழுக்க ஒரே பட்டியல். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 104 என்றால் 900. 105 என்றால் 925. 106 என்றால் 950. 108 என்றால் 1,000 கிலோ. அதன் பின்னால் வரும் எழுத்து வேகத்தைச் சொல்லும். கியூ என்றால் மணிக்கு 160 கிலோமீட்டர், எஸ் என்றால் 180.

கடையில் பார்த்த 215 டயர் லைட் டிரக் வகை, எட்டு பிளை. அதில் 106/103 என்று இருந்தது. முதல் எண் ஒற்றைச் சக்கரமாகப் போட்டால். இரண்டாவது எண், லாரி மாதிரி இரட்டைச் சக்கரமாகப் போட்டால். இவர் வண்டிக்கு ஒற்றைச் சக்கரம். எனவே ஒரு டயருக்கு 950 கிலோ. பெரிது என்று சொல்லிக் காட்டிய 235 டயரில் 105 என்று இருந்தது. ஜீப், எஸ்.யூ.வி. வகைக் கார்களுக்கான டயர் அது. 925 கிலோதான். அகலம் கூடியிருக்கிறது, உயரம் கூடியிருக்கிறது, விலை கூடியிருக்கிறது. தாங்கும் பாரம் 25 கிலோ குறைந்திருக்கிறது.

டயர் பாரம் தாங்குவது ரப்பரின் பருமனால் மட்டும் அல்ல. உள்ளே அடைத்திருக்கும் காற்றுதான் பாரத்தைத் தாங்குகிறது. அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருப்பது உள்ளே இருக்கும் நூல், கம்பி அடுக்குகள். அடுக்கு பலமாக இருந்தால் அதிகக் காற்று அடிக்கலாம். அதிகக் காற்று அடித்தால் அதிக பாரம் ஏற்றலாம். கார் டயரில் லைட் டிரக் டயருக்கு உள்ள அளவு காற்று அடிக்க முடியாது. பெரிய பானையைவிடச் சின்ன பிரஷர் குக்கர் அதிக அழுத்தம் தாங்குவதில்லையா, அது மாதிரி.

மறுநாள் அவர் செய்த காரியம்தான் இதில் முக்கியமானது. டயர் கடைக்குப் போகவில்லை. வழக்கமான 25 மூட்டையை ஏற்றிக்கொண்டு நேராக எடை மேடைக்குப் போனார். முழு வண்டியையும் ஒருமுறை நிறுத்தி எடை பார்த்தார். பிறகு முன்சக்கரத்தை மேடையிலிருந்து இறக்கி, பின்சக்கரம் இரண்டு மட்டும் மேடையில் நிற்கும்படி செய்து இன்னொருமுறை பார்த்தார். வெறும் வண்டியையும் அதே போல் எடை போட்டார்.

வெறும் வண்டி 1,600 கிலோ. அதில் பின்பக்கம் 700. பாரத்தோடு மொத்தம் 2,850. அதில் பின்பக்கம் 1,820. அதாவது ஏற்றிய 1,250 கிலோவில் 1,120 கிலோ பின்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. பிக்கப்பில் தொட்டி பின்சக்கரத்தின் மேல் அமைந்திருப்பதால் அப்படித்தான் இருக்கும். ஆக ஒரு பின் டயருக்கு 910 கிலோ. 950 கிலோ தாங்கும் டயருக்கு 40 கிலோதான் மிச்சம்.

35 மூட்டை ஏற்றினால்? கூடும் 500 கிலோவில் சுமார் 450 கிலோ பின்னால் இறங்கும். ஒரு டயருக்கு 1,135 கிலோ. 215 போட்டாலும் தாங்காது, அந்த 235 போட்டாலும் தாங்காது.

தாங்காது என்றால் அந்த நிமிடமே வெடித்துவிடும் என்று பொருள் அல்ல. வெடித்தால்கூட எல்லோருக்கும் புரிந்துவிடும். மீறிய பாரத்தில் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மேல் மடங்கி நிமிரும். ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் சூடாவது போல அது சூடாகும். சூடு உள்ளே தங்கி, அடுக்குகளுக்கு இடையில் உள்ள ஒட்டை இளக்கும். பத்து டிரிப் ஒன்றும் ஆகாது. பதினோராவது டிரிப்பில், எங்கோ ஒரு இறக்கத்தில், அது நடக்கும். பின் டயர் போனால் வண்டியின் வால் பக்கம் வீசும். ஆரல்வாய்மொழி கணவாயில் காற்று வீசும் மாதங்களில், தார்ப்பாய் கட்டி உயரமாக அடுக்கிய பிக்கப்பை ஓட்டியவர்களுக்கு வால் வீசுவது என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. முப்பந்தல் பக்கம் காற்றாலைகளை வரிசையாக நட்டிருப்பது அந்தக் காற்றை நம்பித்தான்.

சூட்டைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாரவண்டி டயர்களில் இயற்கை ரப்பர் அதிகம் சேர்ப்பதற்குக் காரணமே, மடங்கி நிமிரும்போது அது குறைவாகச் சூடாகும் என்பதுதான். அந்த ரப்பர் இந்த மாவட்டத்தின் சரக்கு. தமிழ்நாட்டில் ரப்பர் என்றால் கன்னியாகுமரி மாவட்டம்தான். குலசேகரம், அருமனை, கீரிப்பாறை என்று மலையடிவாரம் முழுக்க ரப்பர் தோட்டம். 1984-ல் தொடங்கிய அரசு ரப்பர் கழகத்தின் தலைமையிடமும் நாகர்கோவில்தான். அதன் தோட்டங்களில் பால் வெட்டுபவர்களில் பலர் 1964-ன் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பத்தினர். இவர் வண்டி வியாழக்கிழமை தோறும் அரிசியும் சர்க்கரையும் கொண்டுபோவது அந்தப் பக்கத்துக் கடைகளுக்குத்தான்.

சரி, பின்பக்கம் தாழ்ந்து நிற்பது? அதற்கு டயர் காரணமே அல்ல. பட்டறையில் வண்டியைத் தூக்கிப் பார்த்த மெக்கானிக் ஒரே வார்த்தையில் சொன்னார்: “பட்டை செத்துப் போச்சு.” ஸ்ப்ரிங் பட்டைகள் பத்து வருடத்துக்கு மேல் பாரம் சுமந்து வளைவு இழந்து நேராகிவிட்டன. ஒரு பட்டையில் விரிசல் வேறு. விரிசல் விட்டதை மாற்றி, மற்றவற்றை அடித்து வளைவு ஏற்றியதும் பின்பக்கம் இரண்டு அங்குலம் உயர்ந்தது. பெரிய டயர் கொடுத்திருக்கக்கூடிய ஒன்றரை சென்டிமீட்டரைப் போல மூன்று மடங்குக்கும் மேல். “கூட ஒரு பட்டை சேர்த்துப் போடட்டா?” என்று மெக்கானிக் கேட்டார். வேண்டாம் என்றுவிட்டார். கூடுதல் பட்டை வண்டியைத் தாழாமல் காட்டும். அச்சும் டயரும் பிரேக்கும் தாங்கும் அளவைக் கூட்டாது. தாழ்ந்து நிற்கும் வண்டி ‘போதும்’ என்று சொல்லும் ஒரு அடையாளம். அதையும் அழித்துவிட்டால் பாரம் மீறியது கண்ணுக்கே தெரியாது.

பெரிய பிக்கப்களுக்கு வரும் 7.00 ஆர்15 டயரைப் பற்றியும் அவர் விசாரித்தார். அது உண்மையிலேயே அதிக பாரம் தாங்கும் டயர்தான். ஆனால் அதன் உயரம் சுமார் முக்கால் மீட்டர். ரிம் வேறு வேண்டும். அதற்கு மேல், டயர் தாங்கினாலும் வண்டியின் அச்சும் சேஸிஸும் பழையவைதான். பதிவுப் புத்தகத்தில் உள்ள எடையும் மாறாது. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். அதற்கு மேல், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். பத்து மூட்டை கூடுதலாக ஏற்றினால் அவருக்குக் கிடைப்பது டிரிப்புக்கு 500 ரூபாய். ஒருமுறை மாட்டினால் நாற்பது டிரிப்பின் கூடுதல் காசு அபராதத்துக்கே போய்விடும்.

மனைவி நோட்டைப் பார்த்துக் கேட்ட கேள்வி வேறு. “டயர் கணக்கெல்லாம் செரி. முதலாளிகிட்ட என்ன சொல்லப் போறீங்க?”

அதுதான் உண்மையில் கடினமான கேள்வி. டயர் அளவைத் தேர்ந்தெடுப்பது இரண்டு நாள் வேலை. பழகிய முதலாளியிடம் முடியாது என்று சொல்வது அப்படி அல்ல. கம்போளத்தில் ஒரு வண்டி மறுத்தால் அடுத்த வண்டி வாசலில் நிற்கும். அந்த மாதம் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் வேறு கட்ட வேண்டியிருந்தது.

அவர் எடை மேடைச் சீட்டையும் கையில் வைத்துக்கொண்டுதான் போனார்.

“முதலாளி, 25 மூட்டைக்கு மேல ஏத்த முடியாது. வேணும்னா ரெண்டு டிரிப்பா அடிக்கிறேன்.”

“ரெண்டு டிரிப்புக்கு வாடகை யாரு குடுப்பா? மத்த வண்டிக்காரன்லாம் ஏத்தலியாவே?”

“ஏத்துதான். எனக்கு இந்தச் சீட்டைப் பாத்த பெறவு மனசு வரல.”

முதலாளி கோபப்படவில்லை. ஆனால் அடுத்த வியாழக்கிழமை குலசேகரம் லோடு வேறு வண்டியில் போனது. மாதத்தில் நான்கு டிரிப். டிரிப்புக்கு 2,200 என்றால் 8,800 ரூபாய். நோட்டில் அந்த இடம் காலியாகக் கிடந்தது. மற்ற நாட்களின் சிறிய லோடுகள் மட்டும் அவரிடமே இருந்தன.

அந்த ஓட்டையை முழுதாக அடைக்க முடியவில்லை. பாதியை அடைக்க ஒரு வழி கிடைத்தது. தக்கலைக்கும் திருவட்டாறுக்கும் போகும் சிறிய லோடுகளை இறக்கிவிட்டு இத்தனை நாளும் வெறும் வண்டியாகத்தான் திரும்பி வந்துகொண்டிருந்தார். இப்போது அந்தப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வாழைக்குலை ஏற்றி வருகிறார். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி மட்டி, செவ்வாழை, ஏத்தன் எல்லாம் வரும். வாழைக்குலை இடத்தை அடைக்கும், எடை அவ்வளவு இல்லை. தொட்டி நிறைந்தாலும் டயர் அளவை மீறாது. கல்லூரிக் கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்டினார்கள்.

கடைசியில் வாங்கியது 215/75 ஆர்15, எட்டு பிளை, சுமை எண் 106. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே பட்டன் அமைப்பு. பில் போடுவதற்கு முன் டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பார்த்தார். அதில் முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்று இருந்தால் 2019-ன் 23-வது வாரம். ஓடாமல் கிடங்கில் கிடந்தாலும் ரப்பருக்கு வயதாகும். கடைக்காரர் முதலில் எடுத்து வந்த ஜோடியில் ஒன்று நான்கு வருடம் பழையது. “அதை வச்சுட்டு வேற எடுங்க” என்றார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே மாற்றித் தந்தார். “அண்ணாச்சி இப்ப வெவரமாயிட்டாரு!”

14,000 ரூபாய் டயர் 40,000 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 35 பைசா. மகள் அதையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். அந்த 40,000 கிடைப்பதும் கிடைக்காததும் காற்றைப் பொறுத்தது. காற்று குறைந்த டயர், பாரம் மீறிய டயரைப் போலவேதான் மடங்கிச் சூடாகும். அதனால் வாரம் ஒருமுறை, காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்று பார்க்கிறார். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடுவது தவறு. முன்னுக்கு எவ்வளவு, பாரம் ஏற்றிய பின்னுக்கு எவ்வளவு என்பது வண்டியோடு வரும் புத்தகத்தில் இருக்கிறது. பழைய வண்டி என்றால் புத்தகம் தொலைந்திருக்கும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டால் சொல்வார்கள்.

டிசம்பர் 3-ல் கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா முடிகிறது. அந்தப் பத்து நாளும் மழையிலும் கூட்டத்திலும் கம்போளத்து வண்டிகளுக்கு ஓய்வே இருப்பதில்லை. இந்த முறை அவருக்கு மற்றவர்களைவிட டிரிப் குறைவு. எஃப்.சி. ஒரே தடவையில் கிடைத்தது. இரவு வண்டி திரும்ப நேரமானால் மனைவி முன்பு இரண்டு முறை போன் செய்வார். இப்போது ஒருமுறை செய்கிறார்.

ஆயுத பூஜைக்கு டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி ஓட்டாத வண்டி நம் ஊரில் கிடையாது. அது இருக்கட்டும். பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள் புது டயருக்குப் பணம் எடுத்து வைக்கும்போது, கடைக்குப் போவதற்கு முன் வழக்கமான லோடோடு எடை மேடைக்கு ஒருமுறை போய், பின்சக்கரத்தை மட்டும் தனியாக நிறுத்தி எடை பார்த்துவிடுங்கள். அந்த எடையை இரண்டாக வகுத்து, டயரில் உள்ள சுமை எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த சைஸ் வாங்குவது என்று அந்தச் சீட்டே சொல்லிவிடும்.